கடதாசி வயது

ஜனவரி 8, திங்கள்

வீட்டைச் சூடாக்குகிற பொயிலர் மறுபடியும் நின்றுவிட்டது. திருத்துகிறவன் எட்டு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில் வருவான் என்றார்கள். அப்படிச் சொன்னால் வரமாட்டான். கணவர் ஜெயசீலன் மருந்துக்கடையைத் திறக்கப் போய்விட்டார். நான் சால்வையைச் சுற்றிக்கொண்டு குசினி மேசையில் இருந்து வேலை பார்த்தேன்.

பதினொரு மணிக்கு மகாலிங்கம் அண்ணை தொலைபேசி எடுத்தார். எங்கள் தொழிற்சங்கத்தின் பொதுச் செயலாளர் தன் ஆய்வு அலுவலரான என்னை வீட்டு இலக்கத்தில் கூப்பிட்டால் ஏதோ சிக்கல்.

"நளாயினி, முப்பத்தொன்பதாம் விதியை ஒருக்கா எடுத்துப் பார். மார்ச் செயற்குழுவுக்கு ஒரு பேப்பர் வேணும். ரெண்டு பக்கம் காணும்."

விதி எனக்கு மனப்பாடம். பொதுச் செயலாளர் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எல்லா உறுப்பினர்களின் வாக்குக்கும் நிற்க வேண்டும். ஓய்வு வயது அறுபத்தைந்து. பதவிக்காலம் முடியும்போது அறுபதைக் கடந்திருந்தால், மிச்ச வருடங்களைத் தேர்தல் இல்லாமலே முடித்துக்கொள்ளச் செயற்குழு அனுமதிக்கலாம்.

அவருடைய பதவிக்காலம் ஜூனில் முடிகிறது. மார்ச் ஒன்பதாம் திகதி அவருக்கு அறுபது. கடவுச்சீட்டின்படி.

ஜனவரி 9, செவ்வாய்

பொயிலர்காரன் வரவில்லை.

நேற்று பாதியில் விட்டதை எழுதிவைக்கிறேன். மகாலிங்கம் அண்ணை என் அண்ணாவோடு ஒரே வகுப்பு. அண்ணாவுக்கு வருகிற ஆவணியில் ஐம்பத்தாறு. எண்பத்தாறில், பதினெட்டு வயதில், மகாலிங்கம் அண்ணை ஊரை விட்டு வெளிக்கிட்டபோது, ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் அவரைக் கப்பல் வேலைக்குப் போகிற ஆளாகக் காட்டித்தான் அனுப்பினான். அதற்கு இருபத்தொரு வயது நிரம்பியிருக்க வேண்டுமாம். பிறந்த நாளையும் மாதத்தையும் விட்டுவிட்டு வருடத்தில் மட்டும் நாலைக் குறைத்தான். மீசை வளர்க்கச் சொன்னான். லண்டனில் அகதி விண்ணப்பத்திலும் அதே திகதி போனது. பிறகு திருத்தப் போனால் மற்றதெல்லாம் கிண்டுவார்கள் என்ற பயம்.

எங்கள் சனத்தில் எத்தனையோ பேருக்கு வீட்டில் ஒரு வயது, கடதாசியில் ஒரு வயது. யாரும் அதைப் பொய் என்று நினைப்பதில்லை. நானும் நினைத்ததில்லை. அந்த நாலு வருடம் இதுவரை யாரிடமிருந்தும் எதையும் எடுத்ததில்லை.

இப்போது எடுக்கப் போகிறது. பத்தொன்பதாயிரம் பேரிடமிருந்து ஆளுக்கொரு வாக்குச்சீட்டை. "ஆவணங்களைப் பரிசோதித்தேன்; விதியின் நிபந்தனைகள் பூர்த்தியாகின்றன" என்று கீழே கையெழுத்து வைக்க வேண்டியவள் நான்.

ஜனவரி 17, புதன்

அவருடைய அறைக்குப் போனேன். கதவை நானே சாத்தினேன். கதவு சாத்தியிருந்தால் நாங்கள் தமிழில் கதைக்கிறோம் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

"எழுதிட்டியோ?"

"விதி உங்களுக்குப் பொருந்துமோ எண்டு யோசிக்கிறன், அண்ணை."

"ஏன் பொருந்தாது? பாஸ்போட்டைப் பார்."

"பாஸ்போட்டைப் பார்த்தன். அண்ணாவையும் யோசிச்சன்."

சிரித்தார். "கொண்ணன் கெட்டிக்காரன், நான் மொக்கன் எண்டு வை. நாலு தரம் சோதினையில குண்டடிச்சு அவன்ர வகுப்புக்கு வந்து சேர்ந்தனான்."

அவர் சிரித்தால் எதிரில் இருப்பவர் சிரித்தே ஆகவேண்டும். எத்தனை முதலாளிகள் அப்படிச் சிரித்து, பிறகு கையெழுத்தும் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். நான் சிரிக்கவில்லை. குரலை மாற்றினார்.

"இஞ்ச பார். போன முறை தொள்ளாயிரம் வாக்கில தப்பினனான். இந்த முறை மான்செஸ்டர் ஆக்கள் ஆரையாவது இறக்குவினம். எங்கட ஆள் ஒருத்தன் இந்தக் கதிரையில இருக்கிறது லேசுப்பட்ட காரியமில்லை. விளங்குதோ?"

"விளங்குது."

விளங்கியது. பத்து வருடங்களுக்கு முன் பழைய பொதுச் செயலாளர் ஆர்தர் பெல்லமி இதே விதியைக் கேட்டபோது, மாநாட்டு மேடையில் ஏறி, ஒரு தலைவரை ஓய்வு நாள்வரை பல்லக்கில் தூக்கிப் போவது உறுப்பினர்களின் வேலையல்ல என்று முழங்கியவர் இவர். மண்டபமே எழுந்து நின்றது. அடுத்த வாரம் ஆர்தர் விலகினார். அந்த வசனத்தை எழுதியது நான். இதை அவருக்கு நான் நினைவுபடுத்தவில்லை. அவரும் மறந்திருக்கமாட்டார்.

ஜனவரி 28, ஞாயிறு

எங்கள் ஊர்க்காரர் சங்கத்தின் செயலாளர் விமலேந்திரன் வீட்டுக்கு வந்தார். முப்பது வருடமாக எனக்குக் காய்ச்சல் தருகிற சொல்லோடு வந்தார்: விழா மலர்.

"அக்கா, மகாலிங்கம் அண்ணைக்கு மணிவிழா எடுக்கிறம். ஏப்ரல் இருபத்தொண்டு. காலமை கோயில்ல சடங்கு, பின்னேரம் மண்டபத்தில விழா. மலருக்கு அவற்ற தொழிற்சங்க வாழ்க்கையை நீங்கள்தான் எழுதவேணும். தலைப்பு நான் போட்டிட்டன். 'தொழிலாளர் வானில் ஒரு துருவ நட்சத்திரம்'. உள்ளுக்குள்ள வாறதை நீங்கள் போடுங்கோ."

"அவருக்கு அறுபது ஆகிட்டுதோ?"

"விக்கிப்பீடியாவில கிடக்கு, அக்கா. நான் எண்பதில பிறந்தவன், எனக்கென்ன தெரியும்?"

ஜெயசீலன் தேத்தண்ணிக் கோப்பைக்குள் இருமினார். விமலேந்திரன் போனபிறகு சொன்னார்: "நல்லதுதானே. நாலு வருசம் கழிச்சு இன்னொருக்காவும் எடுக்கலாம். மண்டபக்காரனுக்கு யோகம்."

"பகிடி விடாதேங்கோ."

"நான் விடுற பகிடியே? நீர் எழுதப்போறீர் ரெண்டு கட்டுரை. வெள்ளைக்காரருக்கு ஒண்டு, எங்கடயளுக்கு ஒண்டு. ரெண்டிலயும் முதல் வசனம் பொய்."

பெப்ரவரி 6, செவ்வாய்

மேற்கு லண்டனில் ஆசுபத்திரிச் சலவைக்கூடம். கிளைச் செயலாளர் அட்வோவா, கானாக்காரி, இருபது வருடமாக விரிப்பு மடிக்கிற இயந்திரத்தில் நிற்கிறாள். வேலைநேரப் பதிவேட்டைப் பார்க்கத்தான் போனேன். வெளிக்கிடும்போது கேட்டாள்:

"தேர்தல் எப்ப, நாலா? எங்கட கிளை ஆருக்கு முன்மொழிவு குடுக்கிறதெண்டு முடிவு பண்ணியாச்சு."

ஆங்கிலத்தில் என் பெயர் நாலா. மகாலிங்கம், மாக்.

"மாக்குக்குத்தானே?"

"மாக்குக்கு இல்லை."

விரிப்பில் கறை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். நான் பதிவேட்டின் மூன்றாம் பக்கத்தைப் பற்றிக் கேட்டேன்.

திரும்பும்போது ரயிலில் வேலை இருக்கவில்லை. கடித உறை ஒன்றின் பின்பக்கத்தில் தொண்ணூற்றாறு கிளைகளையும் எழுதி, எது எந்தப் பக்கம் சாயும் என்று குறித்தேன். புள்ளிவிபரம் என் தொழில். கை சும்மா இருக்காது.

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கடுநீல ஜாக்கெட் ஒன்று வாங்கினேன். பழையது முழங்கையில் தேய்ந்துவிட்டது.

பெப்ரவரி 7, புதன்

பழைய ஜாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். அவ்வளவாகத் தேயவில்லை.

பெப்ரவரி 18, ஞாயிறு

பொயிலர் திருத்தியாகிவிட்டது. இப்போது வீடு தாங்கமுடியாத வெக்கை. குறைக்கிற பொத்தான் வேலை செய்யவில்லை. திருத்துகிறவன் மறுபடி வர மூன்று கிழமை ஆகுமாம்.

மலர் அக்கா தொலைபேசி எடுத்தா. மகாலிங்கம் அண்ணையின் மனைவி. வருடத்தில் ஒருமுறை, தீபாவளிக்கு மட்டும் கதைப்பவர்.

"நளாயினி, உனக்கு விசயம் தெரியும்தானே. ஐயர் நட்சத்திரம் கேக்கிறார், வருசம் கேக்கிறார். நான் என்னத்தைச் சொல்ல?"

"அண்ணை என்ன சொல்லுறார்?"

"பாஸ்போட்டில உள்ளதைச் சொல்லட்டாம். அம்பத்தாறில இருந்துகொண்டு அறுபதாம் கலியாணம் செய்யிறதோ? வராத வயசைக் கூப்பிட்டு வாசல்ல நிப்பாட்டுறது மாதிரி. ஆயுளுக்கு ஆகாது. நான் அந்த மணையில இருக்கமாட்டன்."

"அவரிட்டயே சொல்லுங்கோவன், அக்கா."

"சொன்னனான். மண்டபம் புக் பண்ணியாச்சாம். இப்ப வேண்டாமெண்டா ஏன் எதுக்கெண்டு கதை வெளிக்கிடுமாம். உங்கட கந்தோரில என்ன வயசையும் சொல்லட்டும், எனக்கென்ன. கடவுளுக்கு முன்னால சொல்லக்கூடாது."

எனக்குச் சடங்கிலும் நம்பிக்கை இல்லை, ஐயரிலும் நம்பிக்கை இல்லை. ஆனால் பொய்யை இந்த இடத்துக்கு அப்பால் கொண்டுபோகமாட்டேன் என்று மலர் அக்காவுக்கு ஓர் எல்லை இருக்கிறது. நான் பல்கலைக்கழகத்தில் இரண்டு பட்டம் எடுத்தவள். ஆறு கிழமையாக அந்த இரண்டு பக்கப் பேப்பரைத் திறந்து திறந்து மூடுகிறேன்.

பெப்ரவரி 25, ஞாயிறு

விழா மலர்க் கட்டுரை. "துருவ நட்சத்திரம்" என்பதை வெட்டினேன். முதல் வசனத்தை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து தொடங்கினேன்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டுச் சலவைக்கூட வேலைநிறுத்தம் பற்றி எழுதினேன். இஸ்திரிப் பகுதியில் பெண்கள் மயங்கி விழுந்துகொண்டிருந்த கோடை. உள்ளே வெப்பம் இருபத்தாறு பாகைதான் என்று நிர்வாகம் எழுதித் தந்தது. மகாலிங்கம் அண்ணை ஒரு சின்ன வெப்பமானியைக் காலுறைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். பத்து நாள், மணிக்கு ஒருமுறை, கழிப்பறையில் குந்தியிருந்து சிகரெட் பெட்டியில் குறித்தார். முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று. பேச்சுவார்த்தையில் அந்தப் பெட்டிகளை மேசையில் ஒவ்வொன்றாக அடுக்கினார். பதினாலு கிழமை வெளியில் நின்றார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட உடைத்துக்கொண்டு உள்ளே போகவில்லை. இன்று நாடு முழுவதும் எங்கள் உறுப்பினர்கள் வேலை செய்கிற சலவைக்கூடங்களில் மணிக்குப் பத்து நிமிட ஓய்வு இருக்கிறதென்றால் அது அந்தச் சிகரெட் பெட்டிகளால்.

எழுதி முடிக்கும்போது கோபம் வந்தது. அவரில்தான். இவ்வளவும் செய்த மனிதர் எதற்கு ஏஜென்சிக்காரன் போட்ட நாலு வருடத்துக்குப் பின்னால் போய் ஒளிய வேண்டும்?

மார்ச் 4, திங்கள்

சொல்லிவிட்டேன்.

"அண்ணை, அந்தப் பேப்பரில நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

கண்ணாடியைக் கழற்றினார். "சொல்லிக்குடுக்கப் போறியோ?"

"இல்லை."

"அப்ப?"

"தேர்தலுக்கு நில்லுங்கோ எண்டு கேக்கிறன். அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்." கதிரையில் சாய்ந்தார். "பிள்ளை, இந்தச் சங்கத்தில முப்பது வருசமா ஆக்களின்ர முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறன். ஆர் நீதி கேக்கினம், ஆர் கதிரை கேக்கினம் எண்டு எனக்குத் தெரியும். உனக்கு என்ர கதிரை வேணும். நேர சொல்லு. அதுக்கேன் என்ர வயசை இழுக்கிறாய்?"

எழும்பி வந்தேன். மின்தூக்கி வேலை செய்யவில்லை. ஐந்து மாடியும் இறங்கினேன்.

அநியாயமான பேச்சு. இருபத்து மூன்று வருடம் அவருடைய பேச்சுகளையும் அறிக்கைகளையும் சாட்சியங்களையும் எழுதியவள் நான். ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை. பதவி ஆசை உள்ளவள் இப்படியா இருப்பாள்?

மார்ச் 5, செவ்வாய்

முப்பத்தோராம் விதி: சங்கத்தின் முழுநேர அலுவலர் பத்து வருட சேவைக்குப் பிறகு பொதுச் செயலாளர் பதவிக்குப் போட்டியிடலாம். ஒரு தகவலுக்காகக் குறித்துவைக்கிறேன்.

மார்ச் 8, வெள்ளி

பிறந்தநாள் நாளை சனிக்கிழமை என்பதால் கந்தோரில் இன்றே கேக். மேலே 6, 0 என்று இரண்டு மெழுகுதிரி. எல்லோரும் பாடினார்கள். அவர் ஊதினார். ஆறு அணைந்தது. பூச்சியம் இரண்டு தரம் ஊதியும் அணையவில்லை. கணக்குப் பிரிவு கிறெய்க், "அறுபது வயசு மூச்சு!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், என்னைப் பார்க்காமல்.

கேக் தித்திப்பு. பாதியைக் கடதாசியில் சுற்றிக் குப்பையில் போட்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

சாப்பிடும்போது ஜெயசீலன் கேட்டார். "வாற சனிக்கிழமை செயற்குழுவில என்ன செய்யப்போறீர்?"

"தெரியாது. நான் இந்த விதியை எதிர்த்துக் கதைச்சா, அது நீதிக்காகவோ எனக்காகவோ எண்டு எனக்கே நிச்சயமில்லை."

"ரெண்டுக்குமா இருந்தா என்ன குறைஞ்சு போகும்?"

"ஒண்டுக்குத்தான் இருக்கவேணும்."

"ஆர் சொன்னது? நான் கடை திறந்தது சனத்துக்கு மருந்து குடுக்கவோ, எங்கட வீட்டுக்கடன் கட்டவோ? இருபது வருசமா ரெண்டும் நடக்குது. ஒருத்தரும் செத்துப்போகேல்லை." மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "உமக்கு வேணுமெண்டா வேணும் எண்டு சொல்லும். வேண்டாமெண்டா அந்த ஜாக்கெட்டைத் திருப்பிக் குடும். ரசீது இன்னும் பைக்குள்ளதான் கிடக்கு."

அவர் என் பையைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியாது.

மார்ச் 15, வெள்ளி

பேப்பரைத் தட்டச்சு செய்து இருபத்தொரு பிரதி எடுத்தேன். கையெழுத்து இடம் வெறுமையாக இருக்கிறது.

மார்ச் 16, சனி

மறப்பதற்கு முன் எல்லாவற்றையும் எழுதவேண்டும்.

செயற்குழு காலை பத்து மணிக்கு. இருபத்தொரு பேர். தலைவர் க்வென் பிரைஸ், வேல்ஸ்காரி, பாடசாலைச் சமையலறையில் முப்பது வருடம் வேலை செய்தவள். கூட்டத்தை ஒரு பெரிய பானையைக் கிண்டுவதுபோல நடத்துவாள், ஒரு பக்கமும் அடிப்பிடிக்க விடமாட்டாள். ஏழாவது விடயம் வந்ததும் அண்ணை எழும்பி வெளியே போனார். தன்னைப் பற்றிய விடயம் பேசும்போது ஆள் அறையில் இருக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம்.

"சகோதரி நாலா, பேப்பரைச் சமர்ப்பியுங்கள்" என்றாள் க்வென்.

நான் எழும்பினேன். புது ஜாக்கெட்டின் கையில் விலைச்சீட்டின் நூல் ஒன்று தொங்கிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கண்டேன்.

"தலைவர் அவர்களே. இந்தப் பேப்பரை நான் சமர்ப்பிக்க முடியாது. தேர்தல் வந்தால் நான் வேட்பாளராக நிற்க விரும்புகிறேன். ஆகவே இதில் எனக்குச் சொந்த நலன் இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு கையெழுத்து வைப்பது சரியல்ல."

இவ்வளவுதான் சொன்னேன். அவருடைய வயதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது பொதுச் செயலாளர் பதவியோடு நிற்காது; குடியுரிமை, அவருடைய பிள்ளைகள், அதே ஏஜென்சியில் வந்த இன்னும் எத்தனையோ பேர். அதைத் திறக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் நானும் நிற்பேன் என்று சொல்ல உரிமை இருந்தது.

யாரோ பேனை மூடியைத் திறந்து திறந்து மூடினார்கள். பிறகு க்வென் சொன்னாள்: "நலன் இருப்பவர் வெளியே போகவேண்டும். நான் எழுதிய விதியல்ல, செல்லம். கிறெய்க் கடவுச்சீட்டைப் பார்த்துக் கையெழுத்து வைப்பான்."

வெளியே தாழ்வாரத்தில் இருப்பதற்கு ஒரேயொரு நீள வாங்கு. அண்ணை அதில் இருந்து கைத்தொலைபேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதோ?"

"இல்லை. என்னையும் வெளியில விட்டிட்டினம்."

"ஏன்?"

"தேர்தல் வந்தா நான் நிக்கிறன் எண்டு சொன்னன்."

கைத்தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தார். நான் மற்ற நுனியில் இருந்தேன். நடுவில் இன்னும் இரண்டு பேர் இருக்க இடம் இருந்தது.

"மற்றதைச் சொன்னியோ?"

"இல்லை."

"சொல்லியிருந்தா லேசா முடிஞ்சிருக்கும்."

"எனக்கு லேசா முடிஞ்சிருக்கும். உங்களுக்கு முடிஞ்சே போயிருக்கும்."

துப்புரவுப் பெண் ஒருத்தி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். எங்கள் உறுப்பினர். "குட் மோர்னிங், மாக்" என்றாள். என்னிடம் தலையாட்டினாள். அவள் திரும்பியதும் கேட்டார்:

"எத்தினை கிளை உனக்கு?"

"முப்பத்தாறு."

"எண்ணி வச்சிருக்கிறாய்."

"ஓம்."

"எனக்கு?"

"நாப்பத்தொண்டு. மிச்சம் பத்தொன்பது என்ன செய்யுமெண்டு தெரியாது."

"அப்ப நான் வெல்லுவன்."

"அனேகமா."

"பிறகேன் நிக்கிறாய்?"

"நீங்கள் வெண்டு இருக்கவேணும், ஒளிச்சு இருக்கக்கூடாது எண்டுதான் முதல் நினைச்சன். இப்ப நான் வெல்லவேணும் எண்டும் கிடக்கு. அண்டைக்கு நீங்கள் சொன்னது சரி. முழுக்கச் சரியில்லை, பாதி சரி. எந்தப் பாதி எண்டு எனக்குத் தெரியேல்லை."

என்னைத் திரும்பிப் பார்த்தார். "இவ்வளவு காலமும் என்ர பேச்செல்லாம் எழுதினாய். ஒருநாளும் இவ்வளவு மோசமா எழுதினதில்லை."

சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேருக்கும்.

உள்ளே குரல்கள் உயர்ந்து தாழ்ந்தன. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

"தேர்தல் காலத்தில வேட்பாளருக்குப் பாராட்டுவிழா எடுக்கலாமோ? விதியில என்ன கிடக்கு?"

"ஏலாது. நாப்பத்திரெண்டாம் விதி. முன்மொழிவு துடங்கினாப் பிறகு, எங்கட உறுப்பினர் வாற எந்தப் பாராட்டுக் கூட்டத்துக்கும் வேட்பாளர் போகக்கூடாது."

"எப்ப துடங்கும்?"

"ஏப்ரல் முதலாந் திகதி."

ஏப்ரல் முதலாந் திகதி என்று ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். கதவு திறந்து இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

பதினொன்றுக்கு எட்டு, இரண்டு பேர் நடுநிலை. அனுமதி வழங்கப்பட்டது. க்வென் அவருக்கு வாழ்த்துச் சொன்னாள். அவர் மேசை நுனியில் நின்று எல்லோரையும் ஒருமுறை பார்த்தார், மேடையில் பார்ப்பதுபோல.

"நன்றி, தோழர்களே. ஆனால் எனக்கு இந்த அனுமதி வேண்டாம். எதிரில் ஒருவர் நிற்கத் தயாராக இருக்கும்போது விதிப்புத்தகத்துக்குப் பின்னால் நிற்க எனக்குப் பழக்கமில்லை. தேர்தலை நடத்துங்கள்."

எழுந்து நின்று கைதட்டினார்கள். அனுமதிக்கு ஆதரவாக வாக்களித்தவர்களும், எதிராக வாக்களித்தவர்களும். அந்தக் கைதட்டலும் அவருக்கே போனது.

மார்ச் 17, ஞாயிறு

காலையில் மலர் அக்கா. "விழாவைத் தள்ளிப்போட்டாச்சு! தேர்தல் விதியாம். விமலேந்திரன் முகம் தொங்கிப்போனான். நீ செய்த புண்ணியம்தான், பிள்ளை." நான் அதற்காக ஒன்றும் செய்யவில்லை என்றேன். கேட்கவில்லை.

அப்படியானால் அவர் தேர்தலுக்கு வந்தது எதற்கு? கொள்கைக்காகவா, நாற்பத்தொரு கிளை என்று நான் சொன்னதற்காகவா, மணையில் இருக்கமாட்டேன் என்ற மனைவிக்காகவா? மூன்றையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறேன். எனக்கு என்னையே தெரியாமல் இருக்கும்போது அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. எரிச்சலாக இருக்கிறது.

ஏப்ரல் 23, செவ்வாய்

முன்மொழிவுகள் முடிந்தன. அவருக்கு நாற்பத்தாறு கிளை, எனக்கு நாற்பது. பத்து கிளை ஒன்றும் அனுப்பவில்லை. மான்செஸ்டர் யாரையும் இறக்கவில்லை, எனக்குத் தந்திருக்கிறது. எனக்கான முதல் முன்மொழிவு அட்வோவாவின் கிளையிலிருந்து வந்தது.

மே 9, வியாழன்

காலை ஆறு மணிக்கு பெர்மிங்ஹாமில் சமையல்கூடமொன்றில் பேசினேன். ஐந்து நிமிடம் பேசினேன், நால்வர் கேட்டார்கள், ஒருவர் கொட்டாவி விட்டார். பேச்சை நன்றாகத்தான் எழுதியிருந்தேன். அவருடைய வாய்க்கு எழுதிப் பழகிய கை. என் வாயில் அது பெரிய செருப்பு மாதிரி இழுபட்டது. பாதியில் தாளை மடித்துவிட்டு, எத்தனை மணிக்கு எழும்புகிறீர்கள் என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர்கள்தான் பேசினார்கள். ரயிலைத் தவறவிட்டேன்.

மே 10, வெள்ளி

பல் வலி.

மே 22, புதன்

மூன்று ஊர். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: மாக்கில் என்ன பிழை? ஒன்றுமில்லை, நான் வேறுவிதமாகச் செய்வேன் என்று சொல்கிறேன். ஒரு வசனம் போதும், அடுத்த நாளே எல்லாம் முடியும் என்று ஒவ்வொரு முறையும் நாக்கு நுனிவரை வருகிறது. தண்ணீர் குடிக்கிறேன்.

ஜூன் 6, வியாழன்

எண்ணி முடித்தார்கள். மகாலிங்கம் 3,912. நான் 3,574.

முந்நூற்று முப்பத்தெட்டு. நாற்பது வீதம் பேர்கூட வாக்களிக்கவில்லை.

கையைக் கொடுத்தார். இரண்டு கையாலும் பிடித்தார். "நல்லாச் செய்தாய்" என்று தமிழில் சொன்னார். பிறகு இன்னும் தாழ்ந்த குரலில்: "அஞ்சு வருசத்தில கடதாசி என்னை வீட்டுக்கு அனுப்பிவிடும். அப்ப எனக்கு உண்மையில அறுபத்தொண்டு. நாலு வருசம் எனக்கு நட்டம். உனக்கு லாபம். ஏஜென்சிக்காரனுக்கு நன்றி சொல்லு."

"அப்ப எனக்கு அம்பத்தஞ்சு, அண்ணை."

"கடதாசியிலயோ?"

"எல்லாத்திலயும்."

ஜெயசீலன் வெளியே காரில் காத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரும்வரை அழக்கூடாது என்று நினைத்தேன். இரண்டாவது சிக்னலிலேயே அழுதுவிட்டேன். எனக்கு அந்தக் கதிரை வேண்டியிருந்தது. இவ்வளவு வேண்டியிருந்தது என்று தெரியாது.

ஜூன் 7, வெள்ளி

வழக்கம்போல் ஒன்பது மணிக்குப் போனேன். என் மேசையில் ஒன்றும் மாறவில்லை. கிறெய்க் மட்டும் கண்ணைப் பார்க்காமல் கோப்பி வேண்டுமா என்று கேட்டான்.

பத்தரைக்கு அண்ணை வந்தார். கையில் ஒரு தாள்.

"வெற்றி அறிக்கை போகவேணும். பத்திரிகைக்காரர் கேக்கினம்."

"எழுதுங்கோ."

"எழுதினனான். நீ ஒருக்காப் பார்."

அவருடைய கையெழுத்தில், அவரே எழுதிய ஒரு பக்கம். இருபத்து மூன்று வருடத்தில் நான் பார்க்கிற முதல் பக்கம். நடுவில் ஒரு வரி: உறுப்பினர்களின் தீர்ப்பைச் சந்திப்பதற்கு நான் ஒருநாளும் தயங்கியதில்லை.

அந்த வரியை இரண்டு தரம் வாசித்தேன். அவர் நின்றுகொண்டிருந்தார்.

"சரியோ?"

"கீழ உங்கட பெயர்தானே இருக்கு, அண்ணை. உங்களுக்குச் சரியெண்டா அனுப்புங்கோ."

பேனையை எடுத்தார், மூடியைத் திறந்தார், பிறகு மூடினார். தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அனுப்பினாரா, வெட்டினாரா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

எனக்கு வேறு வேலை இருந்தது. என்னை முன்மொழிந்த நாற்பது கிளைகளுக்கும் நன்றிக் கடிதம். ஒரே கடிதத்தை நாற்பது பிரதி எடுக்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதினேன். அட்வோவாவின் கிளையில் தொடங்கினேன். மத்தியானத்துக்குள் பதினேழு முடிந்தது. ஒவ்வொன்றின் கீழும் என் பெயரை முழுதாக எழுதினேன். இந்தக் கட்டடத்திலிருந்து என் பெயரோடு வெளியே போகிற முதல் கடிதங்கள். எழுத எழுத ஒரே மாதிரி வரவில்லை. நாலாவதில் கோணல், பத்தாவதில் மை ஊறியிருக்கிறது. திரும்ப எழுதவில்லை. அப்படியே உறையில் போட்டேன்.